ஜெபத்தில் வந்த சேதி

நான் டாக்டர் இல்லை. இதை இந்த மாவட்டத்தில் எத்தனை வாசலில் நின்று சொன்னாலும் ஒருவர் காதிலும் ஏறாது. நான் உளவியலாளர். மாத்திரை எழுதமாட்டேன், ஊசி போடமாட்டேன். நோய் முற்றிய நேரத்தில் யாரையாவது அடித்தோ வெட்டியோ விட்டு, நீதிமன்றம், மனநல மருத்துவமனை என்று அலைந்து, தேறி வீடு திரும்பியவர்களை மாதாமாதம் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. தூக்கம் எப்படி, மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா, மனதில் என்ன ஓடுகிறது என்று உட்கார்ந்து பேசுவேன். பார்த்ததை நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்புவேன். நோயாளிகளைக் கண்டு பயப்படக் கூடாது என்று படிக்கிற காலத்தில் சொல்லித் தந்தார்கள். அந்தப் பயம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. நோயில்லாதவர்களைக் கண்டால் வருகிற குமட்டலுக்குத்தான் இன்றுவரை வழி தெரியவில்லை.

நான் சொல்லப்போகிறவர் பத்மநாபபுரத்துக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஊரில் அக்காள் வீட்டில் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். ரப்பர் பால் வெட்டுவது அவர் தொழில். சில வருடங்களுக்கு முன், நோய் உச்சத்தில் இருந்த ஒரு நாள், அத்தான் வீட்டுக் கிணற்றில் விஷம் கலக்கிறார் என்று அவர் நம்பினார். வெட்டுகத்தியை எடுத்து அத்தானின் தோளில் வெட்டினார். செய்தது அவர்தான், ஆனால் செய்தபோது புத்தி அவர் வசம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஜெயிலுக்குப் பதிலாக அரசு மனநல மருத்துவமனை. அங்கே மருந்தில் தெளிந்து, வெளியே விடலாம் என்று ஆனபோது, பொறுப்பேற்க வந்து நின்றது அந்த அக்காளும், வெட்டுப்பட்ட அதே அத்தானும்தான். நிபந்தனை ஒன்றே ஒன்று. மறுபடி யாருக்காவது அவரால் ஆபத்து என்று புகார் போனால், திரும்பவும் பூட்டிய வார்டுதான்.

அந்த நிபந்தனை ஊருக்கே மனப்பாடம். ஹெல்மெட் போட வேண்டும், குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது, பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கக் கூடாது என்று இந்த நாட்டில் வேறு சட்டங்களும் இருக்கின்றன. அவையெல்லாம் அந்த ஊருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஊரின் வாய் யாரென்றால், ஊர் சர்ச்சின் சபைக் கமிட்டிச் செயலாளர். ஓய்வு பெற்ற அரசு ஊழியர். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் எப்போதும் போன். முதல் தடவை என்னைப் பார்த்தபோதே, ஒற்றை ஆளையும் மக்களே என்று கூப்பிடுகிற எங்கள் பக்கத்துப் பாசத்தோடு கேட்டார்.

"இனிமே இவன் ஒண்ணும் செய்யமாட்டான்னு நீங்க எழுதித் தருவியளா மக்களே?"

"உங்களைப் பற்றி அப்படி யாராவது எழுதித் தந்திருக்கிறார்களா?" என்றேன்.

நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். தமாஷ் இல்லை. அவருடைய சொந்தத் தம்பி வளைகுடாவில் இருந்து வந்த நாள்முதல் குடிதான். அந்தத் தம்பி மனைவியின் கையை ஒடித்த கதை, செயலாளர் வீட்டு வாசலைத் தாண்டாத கதையல்ல. எனக்கே இரண்டு வீட்டில் சொன்னார்கள். அவனைப் பற்றி எழுதித் தரும்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. அவன் நல்ல பையன், கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. நானும் இதற்குள் பிறந்து வளர்ந்தவள்தான், அதனால் ஏமாறுவதில்லை. முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் இல்லாததை எல்லாம், வீட்டு ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவார்கள். மருமகள் நேரங்கழித்து எழுந்தால், "இந்த வீட்டின் மருமகளுக்கு அதிகாலையில் எழும்பும் கிருபையைத் தாரும்" என்பார் மாமியார். காணிக்கை குறைந்தால் உபதேசியார் அந்த வீட்டுக்காரரின் இருதயத்தைத் திறக்கும்படி மன்றாடுவார். ஜெபத்துக்கு நடுவே வாயைத் திறந்து பதில் சொல்ல யாருக்கு முடியும்? கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். போதாததற்குக் கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். இவ்வளவு கோழைத்தனமான பேச்சு முறையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அக்காளின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு இருப்பது ஒரே மாமன். சர்ச்சுக்குள் நடக்கும்போது ஒருபக்கம் அப்பா, மறுபக்கம் மாமா வரணும் என்று அவள் சொல்லிவிட்டாள். இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அக்காள் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். அதைப் பிரிக்காமல், கவரோடே என்னிடம் காட்டினார். சர்ச்சில் எந்தக் காலை முதலில் வைப்பது என்றுகூடக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் அதே ஊரில் வேறொருவரைப் பார்த்துவிட்டு, நாற்சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற என்னைச் செயலாளர் பிடித்துக்கொண்டார்.

"மக்களே, கல்யாண வீடு. கூட்டம், சத்தம், மைக் செட்டு. அவனுக்கு இதெல்லாம் ஆவாதுல்லா? ஒரு ரெண்டு நாளைக்கு ஆஸ்பத்திரியில போட்டிருங்கோ. அவனுக்க நல்லதுக்காக்கும் சொல்லுதேன்."

"அவர் நன்றாக இருக்கிறார். நன்றாக இருப்பவரை எதற்குச் சேர்ப்பது?"

"நாங்க சொன்னா குசும்புன்னு சொல்லுவாவ. நீங்க சொன்னா அது சயின்ஸு."

"வார்டு லாட்ஜ் இல்லை சார்," என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். என்னவோ ஜெயித்துவிட்டதாக ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டும் போனேன். ஊரை ஜெயிப்பது அவ்வளவு லேசா?

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. ஆஸ்பத்திரியில் என் அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. உள்ளே உடுத்த ஒரு சாரம், துண்டு, பல்பொடி, மாத்திரை. புதுச்சட்டை இல்லை.

"ரெண்டு நாள் வார்டுல கெடந்துட்டுப் போறேன் மேடம். எனக்குப் பழக்கமாக்கும்," என்றார்.

"தூக்கம் இல்லையா? ஏதாவது சத்தம் கேட்கிறதா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"பிறகு யார் வரச் சொன்னது?"

"ஆரும் சொல்லல்ல. நேத்து செயலாளர் எங்க வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்தாரு."

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை அவர் சொன்னார். ஜெபவார்த்தைகளை அவர் அப்படியே ஒப்பித்தார்: "ஆண்டவரே, இந்த வீட்டில் சுகவீனமாயிருக்கிற உமது பிள்ளையை நினைத்தருளும். கல்யாணத்தின் சந்தடி அவனை வருத்தாதபடி, இந்த இரண்டு நாளும் தூரமான ஓர் இடத்தில் அவனுக்கு இளைப்பாறுதலைக் கட்டளையிடும்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"எல்லாரும் ஆமென் சொன்னாவ. நானும் சொன்னேன்." கொஞ்சம் தரையைப் பார்த்தார். "ஆமென் சொல்லியாச்சுல்லா மேடம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஓங்கித் தட்டினேன். பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, நோயாளிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவரையே முறைத்தார். தன்னைத் துரத்துவதற்குத் தன் வாயாலேயே ஆமென் சொல்ல வைத்திருக்கிறார்கள் ஒரு மனிதரை. இதைவிட ஒரு கத்திவெட்டு மரியாதையானது. மத்தியானத்துக்குமேல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பையையும் அவரையும் கூட்டிக்கொண்டு தக்கலை பஸ் ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பக்கம் ஊரே பந்தலில் கூடி மறுநாள் சமையலுக்குக் காய் வெட்டும். அழைப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. கத்தியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டால் நீங்கள் அந்த வீட்டு மனுஷர். தார்ப்பாய் விரித்து, நடுவில் சேனையும், தடியங்காய் என்று நாங்கள் சொல்கிற வெள்ளைப் பூசணியும், வாழைக்காயும் குவித்திருந்தார்கள். சுற்றி ஆண்கள், ஆளுக்கொரு கத்தி. அக்காள் தம்பியைக் கண்டதும் பையைப் பிடுங்கி உள்ளே எறிந்துவிட்டு, எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தார்.

அவர் தார்ப்பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். ஒருவர் தன் பக்கத்தில் கிடந்த கத்தியை மெதுவாகத் தொடைக்கு அடியில் தள்ளினார். இன்னொருவர் ஒரு முறம் பூண்டை அவர் முன்னால் நகர்த்தினார். "நீ இதை உரிச்சாப் போரும் மக்கா." விரலால் உரிக்கிற வேலை. வீட்டில் தினமும் மீன் வெட்டித் தருவது அவர்தான் என்று அக்காள் எனக்குச் சொல்லியிருக்கிறார். இந்த வீரர்களுக்கு அது தெரியாது. அவர் பூண்டு உரித்தார். செயலாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, வேலை எதுவும் செய்யாமல், மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். நான் சாயா குடித்தேன்.

செயலாளரின் தம்பி நல்ல போதையில் வந்தான். கையில் வெட்டுகத்தி. யாரும் அதைத் தொடைக்கு அடியில் தள்ளவில்லை. அவியலுக்குக் காய் நீளமாக வெட்டுவதா குட்டையாக வெட்டுவதா என்று சமையல்காரரிடம் ஆரம்பித்தான். சமையல்காரர் ஏதோ சொல்ல, இவன் அவருடைய அம்மாவை இழுத்தான். கத்தி தலைக்குமேல் ஏறியது. கூட்டம் சிரித்தது! "லேய் விடுடே, ரெண்டு போட்டிருக்கான்." கத்தி ஒரு தடவை சமையல்காரரின் காதோரம் காற்றை வெட்டிப் போனது. அப்போதும் சிரிப்பு முழுதாக அடங்கவில்லை.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். பின்னால் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கத்தியை வாங்கினார். அவ்வளவுதான் நடந்தது.

அப்போதுதான் அலறினார்கள். குடிகாரன் ஓங்கும்போது சிரித்த அதே வாய்கள். நாற்காலிகள் சாய்ந்தன, பிள்ளைகளை வாரிக்கொண்டு பெண்கள் உள்ளே ஓடினார்கள். பந்தல் நடுவில் கையில் கத்தியோடு அவர் தனியாக நின்றார். அதைக் கீழே போடுவதா வைத்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. தம்பிக்காரனை யாரோ அணைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"நான் அப்பமே சொன்னேன்," என்று செயலாளர் போனை எடுத்தார். "ஸ்டேஷனுக்குச் சொல்லாம இது முடியாது."

"கத்தியைப் பிடுங்கியவர் அவர்! எல்லாரும் பார்த்தீர்கள்தானே?" என்று நான் கத்தினேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு போன் போதும். புகார், நீதிமன்றம், பூட்டிய வார்டு. மறுநாள் பெண் ஒருபக்கம் மட்டும் ஆளோடு நடப்பாள்.

அடுப்படியில் இருந்து அத்தான் வந்தார். அதிகம் பேசாத மனுஷர். சட்டை இல்லை, தோளில் துண்டு. வந்து செயலாளரின் போனுக்கு மேல் கையை வைத்தார்.

"இதை உள்ள வையும். வெட்டுப்பட்டது நானா நீரா?"

பிறகு குனிந்து, குவியலில் பெரிய தடியங்காயாகப் பார்த்து மச்சினன் பக்கம் உருட்டிவிட்டார்.

"கத்தி கையில இருக்குல்லா மக்கா. சும்மா நிக்காம வெட்டு."

மச்சினன் உட்கார்ந்தார். தடியங்காயை மடிக்கு முன்னால் இழுத்துவைத்தார்.

செயலாளருக்கு மானம் போயிற்று. மானம் போனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி ஜெபம். "எல்லாரும் அமைதலா ஒரு நிமிஷம் ஜெபிப்போம்," என்று எழுந்து கண்ணை மூடினார். ஊரும் மூடியது. "ஆண்டவரே, ஆபத்துகளை எங்கள் நடுவிலிருந்து..."

"நிறுத்தும் செயலாளரே," என்றார் அத்தான். "வீட்டுக்காரன் நானாக்கும். இண்ணைக்கு ஜெபம் நான் செய்யுதேன்."

அவர் வாய்விட்டு ஜெபித்து அந்த ஊர் கேட்டதில்லையாம், பிறகு அக்காள் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வெட்டின தழும்பு கழுத்தடியில் இருந்து தோள்மூட்டுவரை தெரிந்தது.

"ஆண்டவரே, உமக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. என்னை வெட்டுனது இவனாக்கும். அண்ணைக்கு இவனுக்குச் சொகமில்ல, இண்ணைக்குச் சொகமா இருக்கான். வெட்டுப்பட்ட எனக்கில்லாத பயம் இந்த ஊருக்கு வந்திருக்கு. அதை எடுத்துப் போடும். குடிச்சிட்டுக் கத்தி ஓங்குகவனுக்குப் புத்தியைக் குடும். அதைப் பாத்துச் சிரிக்கவனுக்கும் குடும். நாளைக்கு எனக்க மோளுக்குப் பக்கத்துல இவன் நடப்பான். அதைக் காணப் பிடிக்காதவங்களுக்கு, அவங்கவங்க வீட்டுலேயே நல்ல இளைப்பாறுதலைக் கட்டளையிடும். செயலாளருக்கு விசேஷமாக் கட்டளையிடும். ஆமென்."

மூடியிருந்த கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்து செயலாளரைத் தேடின. பிறகு வழக்கம் வென்றது. முதலில் பெண்கள் பக்கத்தில் இருந்து, பிறகு தார்ப்பாயில் இருந்து, ஒவ்வொன்றாக ஆமென் வந்தது. நானும் சத்தமாகச் சொன்னேன். கடைசியாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, செயலாளரும் சொன்னார். சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஆமென் சொல்லாதவர் பெண்ணின் மாமன் ஒருவர்தான். கையில் கத்தியை வைத்துக்கொண்டு கண்ணை மூட முடியாது. அவர் தடியங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.