ஆறு ஆம்பளைகள் இருக்கிற வீடு

கொடைக்கானல் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆம்புலன்ஸ் போன் எடுக்கிறவரை, நேரில் பார்ப்பதற்கு முதல் நாளே திருடன் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

அன்று மத்தியானம் என் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அவர் அவசரமே இல்லாமல் கேட்டார்: "வீட்ல நாய் இருக்குங்களா? கட்டிப் போட்ருங்க. வாசக்கதவ அகலத் தொறந்து வைங்க. ஆம்பளைங்க எத்தன பேரு இருக்கீங்க?"

நான் ஒருவன்தான். ஆனால் பயத்திலும் என் மூளை வேலை செய்யும், தப்பாக. "ஆறு பேருங்க. எல்லாம் தாட்டியமான ஆளுங்க" என்றேன்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோதுதான் கேள்வியே புரிந்தது. எங்கள் வீடு ரோட்டிலிருந்து எழுபது படி கீழே. ஸ்ட்ரெச்சரைத் தூக்கத்தான் ஆள் கணக்குக் கேட்டிருக்கிறார். நல்லவேளை, நாலு பேர் இறங்கி வந்து அவளை வெரசாகத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் அவள் இட்லி கேட்கும் அளவுக்குத் தேறியதும் அவரைத் தேடிப் போனேன். ஸ்வெட்டர், ஒரு காதுக்கு மட்டும் ஏற்றிவிட்ட குரங்குக் குல்லாய். கண்ணை மூடிக்கொண்டுதான் போனில் பேசினார்.

"ஆறு பேர்னு சொல்லியும் எதுக்குங்க நாலு ஆள அனுப்புனீங்க?"

கண்ணைத் திறந்தார். "ஆறு பேரு இருந்தா பின்னாடி யாராச்சும் பேசிட்டே இருப்பாங்க சார். உங்க வீட்ல அந்தம்மா மொனகுறது மட்டுந்தான் கேட்டுச்சு."

பக்கத்திலேயே நின்ற எனக்கு அந்த முனகல் கேட்கவில்லை. அதையும் அவர் கண்டுபிடித்திருப்பாரோ என்று இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.