காற்று இல்லாத விளையாட்டு

மிலுங்காவின் மேசை இழுப்பறையில் எப்போதும் ஏழெட்டுக் கைப்பேசிகளாவது கிடக்கும். பாக்ரெனா ஊர்ப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக வேதியியல் நடத்தியவர் அவர். வகுப்பில் யார் மடியில் திரை மின்னினாலும் பேச்சை நிறுத்தாமலே நடந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டு வந்து இழுப்பறையில் போட்டு மூடுவார். பெற்றோர் நேரில் வந்து கேட்டால்தான் திருப்பிக் கொடுப்பார். "விளையாடத்தான் வெளியில திடல் இருக்கே, அங்க போய்க் கால் ஒடியற வரைக்கும் ஆடட்டும்" என்பார். பிள்ளைகள் அவருக்கு 'சுங்கச்சாவடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஒரு அக்டோபர் மாதம், ஏழாம் வகுப்பின் கடைசி வரிசையில் கலினா என்ற பெண் மாட்டினாள். ரொட்டிக்கடைக்காரியின் மகள். வாய் நீளம். வேதியியல் சிறுதேர்வில் இரண்டு முறை தேறாதவள். கைப்பேசியைப் பிடுங்கிய மிலுங்கா திரையைப் பார்த்தார். பச்சையும் மஞ்சளுமாக வயல்.

"என்னடி இது?"

"கோதுமை டீச்சர். ஒரு மூட்டை உரம் நாலு பாத்திக்குப் போதும். மழை பெஞ்சிட்டா மூணுக்குத்தான் வரும். இப்ப நீங்க புடுங்கிட்டீங்க, எல்லாம் காஞ்சுபோகும்."

"மழை பெஞ்சிருக்கு. ஏழு பாத்தி இருக்கு. எத்தனை மூட்டை?"

"ரெண்டும், மூணுல ஒரு பங்கும். ஆனா மூணு வாங்கணும். மிச்சம் வீண்." மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

கரும்பலகையில் மிலுங்கா எழுதிப்போட்டிருந்ததும் இதே கணக்குத்தான். உரத்துக்குப் பதில் சுண்ணாம்பு, பாத்திக்குப் பதில் கந்தக வாயு. அந்தக் கணக்கை இந்தப் பெண் பத்து நிமிடமாக வெறித்துப் பார்த்துவிட்டுத் தெரியாது என்று கையை விரித்திருந்தாள். மிலுங்காவுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமாக யாருடைய மண்டையில் என்ன ஓடுகிறது என்று தெரியாமலே பாடம் நடத்தியிருக்கிறோமோ என்று தோன்றியது. கைப்பேசியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். வகுப்பே வாயைப் பிளந்தது.

பாக்ரெனாவுக்கு வடக்கே மலைச்சரிவில் செம்பு உருக்காலை. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு அங்கேதான். வடக்குக் காற்று அடிக்கும் நாட்களில் கொடியில் காயும் துணியைப் பெண்கள் ஓடிப்போய் எடுப்பார்கள். தோட்டத்துக் கீரையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். "இன்னிக்குக் கடிக்குது" என்பார்கள். எது கடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மிலுங்காவின் அப்பா அந்த உலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் ராதிஷா அதே உலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி.

பள்ளியின் கணினி அறையில் பதினான்கு கணினிகள் இருந்தன, உயிரோடு இருந்தவை ஒன்பது. கட்டை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கி விளையாட்டு செய்யும் முறையைப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருந்தார்கள். மிலுங்கா அவர்களிடமே கேட்டார்: "நம்ம ஊரை வெச்சு ஒண்ணு செய்வோமா?"

அந்தக் குளிர்காலம் முழுக்க இருபத்து மூன்று பிள்ளைகளும் காலை ஏழு மணிக்கும் மத்தியானமும் தங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் என்று நோட்டில் குறித்தார்கள். சிவப்பு முட்டைக்கோஸ் சாற்றில் தோய்த்த காகிதத்தைப் பனியில் வைத்து, அமிலம் இருக்கிறதா என்று நிறம் பார்த்தார்கள். அவரவர் வீட்டை அவரவரே வரைந்து ஊர்ப்படத்தில் ஒட்டினார்கள். வீட்டு வாசலில் ஒரு குட்டி மனிதன். புகை பட்டால் இருமுவான். ஆடுபவர் உலையை நடத்த வேண்டும். எவ்வளவு தாது போட்டால் எவ்வளவு வாயு, அதைப் பிடிக்க எவ்வளவு சுண்ணாம்பு என்று சமன்பாட்டைச் சரியாகப் போட்டால்தான் அடுத்த நாளுக்குப் போகலாம். காற்றோ பிள்ளைகளின் நோட்டுப்படி அடிக்கும். வடக்குக் காற்றில் எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் போதாது. உலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சம்பளம் குறையும், ரொட்டிக்கடையில் வியாபாரம் படுக்கும். கடைசி விதியைச் சேர்த்தது கலினா. "எங்கம்மா கடைல கூட்டம் எப்பக் குறையும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

ராதிஷா சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆடிப்பார்த்தார். மூன்று முறை தோற்றார்.

"முப்பது வருஷமா உலையை ஓட்டறேன். உன் விளையாட்டுல என்னை வேலையைவிட்டே தூக்கிட்டாங்களே!"

"சமன்பாடு தப்பாப் போட்டா தூக்காம?"

"சமன்பாடெல்லாம் சரியாத்தான் போட்டேன். உன் காத்துதான் விடமாட்டேங்குது." திரையில் வடக்கே இருந்த உலையை விரலால் தொட்டுக்காட்டினார். "ஆனா காத்து சரியாத்தான் இருக்கு, மிலுங்கா. வடக்குக் காத்தடிச்சா உலையைக் குறைச்சு ஓட்டணும்னு ஆலை அறிவிப்புப் பலகைலயே எழுதி வெச்சிருக்கான். ஒரு நாளும் குறைச்சது கிடையாது."

அந்த வருடம் ஏழாம் வகுப்பில் வேதியியலில் யாரும் தவறவில்லை. கலினா உச்ச மதிப்பெண்ணான ஐந்தையே வாங்கினாள். ஜூன் மாதம் பெல்கிரேடில் நடந்த ஆசிரியர் போட்டியில் அந்த விளையாட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. மேடையில் மிலுங்காவின் பெயரை வாசித்தபோது அவருக்குக் காதே அடைத்துவிட்டது. வாழ்நாளில் அவர் பெயரை ஒலிபெருக்கியில் யாரும் சொன்னதில்லை.

கோடை விடுமுறையில் உருக்காலையின் மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து நெவெனா என்ற பெண் வந்தாள். நல்ல துணிமணி, நல்ல சிரிப்பு. பள்ளிக்கு இருபது புதுக் கணினி தருவதாகச் சொன்னாள். விளையாட்டை நல்ல ஓவியர்களை வைத்து மெருகேற்றி மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் கொடுப்போம் என்றாள்.

"உங்க பேர் முதல் திரைல வரும், டீச்சர். பெரிய எழுத்துல."

தலைமையாசிரியர் ஸ்ரேதன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அவரும் மிலுங்காவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். "கையெழுத்துப் போடும்மா. இந்த ஒப்பந்தத் தாளைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள காப்பி ஆறிடும்."

பதினோரு பக்கத் தாள். மிலுங்கா இரண்டு பக்கம் படித்தார். மூன்றாம் பக்கத்தில் தன் பெயர் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது, பக்கத்தில் 'உருவாக்கியவர்' என்று. அதற்குமேல் படிக்கவில்லை. பிற்பாடு அவர் தன்னை மன்னிக்காதது இந்த இடத்தில்தான். யாரும் அவரை மிரட்டவில்லை. அவசரப்படுத்தக்கூட இல்லை. பிடித்திருந்தது, போட்டார்.

புது வடிவம் அக்டோபரில் வந்தது. பிள்ளைகள் அப்போது எட்டாம் வகுப்பு. புதுக் கணினிகளைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மரமெல்லாம் அழகாக அசைந்தது. புகைபோக்கியிலிருந்து பஞ்சுபோல வெள்ளை மேகம் வந்தது, வந்து கரைந்தது. வீடுகள் இருந்தன. இருமுகிறவர்களைக் காணோம். எவ்வளவு தாது போட்டாலும் சிரித்த முகமுடைய வடிகட்டி ஒன்று வந்து வாயுவை விழுங்கி அமிலப் புட்டியாக்கி மதிப்பெண் கொடுத்தது. சமன்பாட்டை அதுவே போட்டுக்கொண்டது.

"டீச்சர், காத்து எங்க?" என்றான் ஒருவன்.

"வேற பக்கத்துல இருக்கும், தேடு."

"பக்கமெல்லாம் பாத்தாச்சு டீச்சர்" என்றாள் கலினா. "நாங்க குளிர்ல ஜன்னல் திறந்து எழுதினதை மொத்தமாத் தூக்கிட்டாங்க."

மிலுங்கா ஸ்ரேதனின் அறைக்குப் போனார். "என் பேரைப் போட்டுப் பொய் சொல்லியிருக்காங்க."

"என்ன பொய்? வடிகட்டி இருக்குல்ல ஆலைல?"

"வாரத்துல எத்தனை நாள் ஓடுது அது?"

"அதை உன் புருஷனைக் கேளு. உன் வீட்லதானே இருக்கார்?" ஸ்ரேதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெயிக்கவே முடியாத விளையாட்டை எந்தப் பிள்ளை ஆடும் மிலுங்கா? ஆடி ஜெயிக்கட்டுமே. உனக்கென்ன நஷ்டம்?"

தாளின் ஒன்பதாம் பக்கத்தில், தேவையான மாற்றங்களைச் செய்ய ஆலைக்கு முழு உரிமை என்றிருந்தது. பெயரை எடுத்துவிடுங்கள் என்று மிலுங்கா கடிதம் எழுதினார். நெவெனாவிடமிருந்து பூங்கொத்துப் படம் போட்ட பதில் வந்தது: உங்கள் அடக்கத்தைப் பாராட்டுகிறோம். அடுத்த வாரம் ராதிஷாவை உலையிலிருந்து எடுத்துச் சுமை எடை போடும் கூடத்துக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"நான் இன்னொரு கடிதம் எழுதறேன்" என்றார் மிலுங்கா.

ராதிஷா சுட்ட குடைமிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கரி. "எழுது. எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லு. எடைக்கூடத்துக்கு அப்புறம் வெளிக்கதவுதான் இருக்கு. அங்கேயும் நிக்கச் சொல்றியா?"

மிலுங்கா எழுதவில்லை. புது விளையாட்டையே நடத்தினார். மாவட்ட ஆய்வாளர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

மார்ச் மாதம் பழைய விளையாட்டு ஊருக்குள் புறப்பட்டது. யாரோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். மதுக்கடையில், முடிதிருத்தும் கடையில், ஆலையின் உணவுக்கூடத்தில்கூட ஆண்கள் கைப்பேசியில் உலையை ஓட்டினார்கள். "என் வீட்டு வாசல்ல நிக்கறவன் இருமறான் பாரு" என்று தங்கள் வீட்டைக் காட்டிச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. யார் வீட்டுப் பக்கம் எத்தனை நாள் புகை என்று எண்ணத் தொடங்கினார்கள். செய்தித்தாள் நிருபர் ஒருவர் பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

ஏற்றியது யார் என்று கண்டுபிடிக்க ஸ்ரேதனுக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. கேட்டவுடனே கலினா, "நான்தான்" என்றாள்.

ஆசிரியர் குழு கூடியது. நீள மேசை, பதினெட்டு ஆசிரியர்கள், ஒரு முனையில் கலினாவும் மாவு படிந்த மேலங்கியோடு அவள் அம்மாவும். பள்ளியின் பெயரைக் கெடுத்தது, ஆசிரியரின் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தியது என்று இரண்டு குற்றச்சாட்டு. ஸ்ரேதன் பழைய விளையாட்டின் முதல் திரையைச் சுவரில் காட்டினார். கோணல் எழுத்தில், 'மிலுங்கா டீச்சரும் நாங்களும்' என்றிருந்தது.

"மிலுங்கா, இது உங்க விளையாட்டா?" கூட்டத்தில் அவர் மரியாதையாகத்தான் பேசுவார்.

"நான் கையெழுத்துப் போட்ட வடிவம் இது இல்லை."

"நான் கேட்டது அது இல்லையே. உங்களுதா, இல்லையா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கலினா மட்டும் பார்க்கவில்லை. அவள் சுவரில் தெரிந்த ஊர்ப்படத்தில் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றார் மிலுங்கா.

கலினாவின் அம்மா எழுந்தாள். "டீச்சர், குளிர்காலம் பூரா என் பொண்ணு ஜன்னலைத் திறந்து வெச்சு வீட்டையே உறைய வெச்சாளே, நான் திட்டினதுக்கு நீங்கதானே வந்து சமாதானம் சொன்னீங்க? என் கடைல உக்காந்து, என் கையால ரொட்டி வாங்கித் தின்னுக்கிட்டு!"

"விடும்மா" என்றாள் கலினா. பிறகு மிலுங்காவிடம், கோபமே இல்லாத குரலில், "பரவால்ல டீச்சர். அந்தப் பேரை நானே அழிச்சிடறேன்" என்றாள்.

கலினாவின் நடத்தை மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது மிலுங்காவும் தூக்கினார். தான் ஒருவர் தூக்காவிட்டாலும் முடிவு மாறியிருக்காது என்று அன்று வீடு போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மைதான், மாறியிருக்காது. அந்த உண்மையால் அவருக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

வேறு நகரத்திலிருந்த வேதியியல் தொழிற்பள்ளியில் சேரக் கலினா விண்ணப்பித்திருந்தாள். மதிப்பெண் போதுமாக இருந்தது. விடுதியில் இடம் கொடுக்க நடத்தையும் பார்ப்பார்கள், இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர்த் தொழிற்பள்ளியில் முடியலங்காரப் பிரிவில் இடம் காலியாக இருந்தது. அதில் சேர்ந்தாள். பழைய விளையாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சில மாதத்தில் ஊரும் மறந்தது. ராதிஷா எடைக்கூடத்திலேயே இருந்து முழு ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார். மிலுங்கா வீட்டில் அந்த விளையாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டு வருடம் கழித்து, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தைய நாள், மிலுங்கா முடி வெட்டிக்கொள்ளக் கடைத்தெருவிலிருந்த கடைக்குப் போனார். தலை கழுவும் தொட்டியில் கழுத்தை வைத்துச் சாய்ந்த பிறகுதான் மேலே தெரிந்த முகத்தைப் பார்த்தார். பயிற்சிக்கு வந்திருந்தாள் கலினா. எழுந்துகொள்ளவும் முடியாது; தலை ஏற்கெனவே நனைந்திருந்தது.

"தண்ணி சூடு போதுமா டீச்சர்?"

"போதும்மா."

விரல்கள் நிதானமாக, பழகிய கையாகத் தேய்த்தன. மிலுங்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"இன்னும் அந்த விளையாட்டுதான் நடத்தறீங்களா?"

"ஆமா. பாடத்திட்டத்துலயே சேத்துட்டாங்க."

"பிள்ளைங்க ஜெயிக்கறாங்களா?"

"எல்லாரும் ஜெயிக்கறாங்க" என்றார் மிலுங்கா.

கலினா நுரையைக் கழுவிவிட்டுத் துண்டால் அவர் தலையைச் சுற்றிக் கட்டினாள். "அந்த நாற்காலிக்குப் போங்க. அக்கா வந்து வெட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த அடுத்த பெண்மணியைக் கூப்பிட்டாள்.