வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு லேப்பில் யார்?

சுலோஜனாவின் துப்பறியும் நாவல்களில் யாரும் சாவதில்லை. பேராசிரியரின் மூக்குக்கண்ணாடி காணாமல் போகும். விடுதிச் சமையலறையின் இடியப்ப உரல் மறையும். விழாவுக்கு முதல்நாள் மேடைத் திரையை யாரோ கழற்றிக்கொண்டு போவார்கள். எல்லாம் வாவிக்கரையில் அவர் கற்பனையாகக் கட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில்தான் நடக்கும். அங்கே நூலகத்தில் வேலை செய்யும் மேனுகா, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் பேசவிட்டே கள்ளனைப் பிடித்துவிடுவாள்.

செங்கலடியில் கம்பஸ் பிள்ளைகள் போய்வரும் வீதியில் சுலோஜனாவுக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. தங்கள் முறை வரும்வரை பிள்ளைகள் வாயடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் கை தாள் அடுக்கும், காது கதை சேர்க்கும். தங்களைக் கதையில் போட்டுவிட வேண்டாம் என்று கெஞ்சும் அதே பிள்ளைகள்தான், புத்தகம் வந்ததும் முதல் ஆளாக வாங்கித் தங்களைத் தேடுவார்கள். இல்லை என்றால் கோபமும் வரும்.

முதல் வாசகி பக்கத்துக் கடையில் தைக்கும் நஸ்ஹா. முஸ்லிம் ஊரான ஏறாவூரில் இருந்து வருபவள். சுலோஜனா வாசிக்க வாசிக்க அவள் தைப்பாள். தையல் மெஷின் நின்றுவிட்டால் அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

புதிய நாவலில் விவாதப் போட்டியின் வெற்றிக் கிண்ணம் களவு போகிறது. இதில் நஸ்ஹாவை மகிழ்விக்க ஒரு வேலை செய்திருந்தார் சுலோஜனா. கள்ளனைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சிக்கு அவளுடைய தம்பி றிஸானின் பெயரை வைத்திருந்தார். கதையில் அவன் நல்லவன், பொய் பேசாதவன், விஞ்ஞான லேப்பில் உதவியாளன். செய்தி கேட்ட றிஸான் பாதி ஏறாவூருக்குச் சொல்லி முடித்துவிட்டான்.

பெருநாள் தையல் நெருக்கியதால் இந்தமுறை நஸ்ஹா கதையை அரைகுறையாகத்தான் கேட்டிருந்தாள். கல்லடியில் உள்ள அச்சகம் மறுநாள் வேலை தொடங்க இருந்தபோதுதான், தம்பி வரும் பக்கத்தை எடுத்து வாசித்தாள். சிரித்துக்கொண்டே வாசித்தவள் நிமிர்ந்தாள்.

"சுலோ அக்கா, இவன் எங்க நிக்கான்?"

"லேப்ல. ஜன்னலால கள்ளனக் காணுறான்."

"வெள்ளிக்கிழம பன்னிரண்டரைக்கா?"

"ஓம். ஏன் நஸ்ஹா?"

"பள்ளிவாசலுக்குப் போகாம எந்த றிஸான் அந்த நேரம் லேப்ல நிப்பான்?"

சுலோஜனா பக்கத்தை வாங்கி மறுபடி பார்த்தார். இத்தனை காலம் பக்கத்துக் கடையில் இருந்தும், வெள்ளி மதியம் முஸ்லிம் ஆண்கள் எல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவது எழுதும்போது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. லேப்பில் தனியாக நின்றேன் என்று றிஸான் சொல்லும் இடத்திலேயே ஏறாவூர் வாசகர்கள் அவனைப் பொய்யன் என்பார்கள். அடுத்த பக்கத்தில் கள்ளனாகவும் ஆக்கிவிடுவார்கள். அன்புக்கு வைத்த பெயர் அவனுக்கே அவப்பெயராகிவிடும்.

கதையில் கிழமையை மாற்றவும் வழியில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பல்கலைக்கழகக் கன்டீனில் மரக்கறி மட்டும்தான். கிண்ணம் இருந்த அலுமாரியில் மீன் அடைத்த பணிஸ் ரொட்டியின் துகள் கிடப்பதை வைத்துத்தான், கள்ளன் வெளியாள் என்று மேனுகா கண்டுபிடிக்கிறாள். நேரத்தையும் தள்ள முடியாது. பன்னிரண்டு மணிக்குக் கிண்ணம் இருந்ததையும் ஒரு மணிக்கு இல்லாததையும் ஊரே கண்டிருந்தது. சாட்சிக்கு வேறு பெயர் வைக்கலாம்தான். ஆனால் றிஸானின் முகத்தில் எப்படி விழிப்பது?

நஸ்ஹா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒரு பொம்புளய நிப்பாட்டுங்க அக்கா. நாங்க ஜும்ஆக்குப் போறல்லயே. அந்த நேரம் நானெண்டாலும் லேப்ல தனியத்தான் நிப்பன்."

அச்சகத்திடம் கூடுதல் நாள் தவணை கேட்டு, வாங்கிய ஏச்சையும் பொறுத்துக்கொண்டு சுலோஜனா எழுத உட்கார்ந்தார். சாட்சி றுமைஸா ஆனாள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தது பிழையாயிற்று. றிஸான் பார்த்ததோடு நின்றவன். றுமைஸா ஜன்னலை விட்டு இறங்கி ஓடினாள், துகளைக் கடதாசியில் மடித்து எடுத்தாள், மேனுகாவோடு வாதாடினாள். நாவலுக்கு நாவல் தனியாகத் துப்பறிந்த மேனுகாவுக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள். நஸ்ஹாவின் மெஷின் நெடுநேரம் நின்றே கிடந்தது.

றிஸானுக்கும் ஓர் இடம் பிறந்தது. தொழுகை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறான். பாரமான பையோடு வெயிலில் நிற்கும் ஒருவர் மேல் இரக்கப்பட்டு, பஸ் நிறுத்தம்வரை ஏற்றிப்போகிறான். ஏற்றியது கள்ளனை.

இதை அவனிடம் சொல்லாமல் அச்சுக்குக் கொடுக்க சுலோஜனாவுக்கு மனம் வரவில்லை. கடைக்கு வரவழைத்தார். நடந்த பிழையைச் சொல்லி, புதிய பக்கத்தை வாசித்துக் காட்டினார். றிஸான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். அக்காக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தாள்.

"கள்ளன ஏத்தக்குள்ள நான் தொழுதிட்டனா, சுலோ அக்கா?"

"ஓம் தம்பி. தொழுது முடிச்சிட்டுத்தான் வாறாய்."

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

"அப்ப சரி. போடுங்க."