நீலச் சட்டையில் வெள்ளைப் புள்ளி

படாளம் பக்கம் ஒரு நூற்பாலையில் பஞ்சு சோதிப்பதுதான் என் தங்கை ஜெயப்பிரியாவின் வேலை. அந்த வேலையை மில்லோடு விட்டுவிட்டு வர அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் உருவி, இழுத்துப் பார்த்து, "குட்டை இழை" என்று தீர்ப்புச் சொல்வாள். மானம் போவது எனக்கு.

பருத்தி இழை முக்கால்வாசிக்கு மேல் செல்லுலோஸ்தானாம். சில ரகங்களில் அதன் சங்கிலிகள் இழையின் நீளவாக்கிலேயே நெருக்கமாக ஓடும். இழுத்தால் லேசில் அறாது. சிலவற்றில் சாய்வாகச் சுற்றிப் போகும், பட்டென்று அறும். இதைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேரிடமும் விளக்கினாள். இருவரும் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அடுத்து வந்தவர் செய்யூர் கலைவாணன். சவுக்கு வியாபாரம். போட்டோவைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. எப்படியாவது இது முடிய வேண்டும் என்று என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

"பஞ்சுன்னு வாயத் தொறந்த, தொலச்சுப்புடுவேன்" என்று மிரட்டித்தான் காபித் தட்டைக் கையில் கொடுத்தேன்.

மாப்பிள்ளை கருநீலச் சட்டையில் வந்திருந்தார். தோளெல்லாம் வெள்ளைப் புள்ளி. தங்கை அந்தத் தோளையே வெறித்தாள். அவருடைய அம்மா சம்பூர்ணம் அதைக் கவனித்துவிட்டார்.

"பொடுகுதாம்மா, மறைக்கல. தயிரு, வெந்தயம், வேப்பெண்ண, எல்லாம் தேச்சாச்சு. போற வூட்லல்லாம் இதனாலயே வேணான்னுட்றாங்க."

"எப்பவும் இதே சட்டதானா அத்த?"

"ராசியான சட்டம்மா. பொண்ணு பாக்க இதான் போட்டுகினு வருவான்."

நான் கண்ணால் முறைத்தேன். பயனில்லை.

"அது பொடுகு இல்ல அத்த, முத்தாத பஞ்சு. காயி முத்த முத்தத்தான் இழைக்குள்ள செல்லுலோஸ் அடுக்கடுக்கா சேரும். லேட்டா முத்துற ரகத்த அவசரப்பட்டுப் பறிச்சா இழை வெறும் தோலா நின்னுடும். முடிச்சு முடிச்சா சிக்கிக்கும், சாயமும் புடிக்காது."

"அப்ப வேப்பெண்ண தேச்சதெல்லாம் இன்னா கணக்கு?" என்று சம்பூர்ணம் மகனைப் பார்த்தார்.

"சட்டைக்குத் தேச்சிருக்கணும்" என்றார் கலைவாணன்.

"தட்டிப் பாருங்க, உதிராது" என்றாள் தங்கை.

தட்டினார். பாதி அப்படியே இருந்தது. மீதி பஜ்ஜித் தட்டில் விழுந்தது.

"ஒட்டிகினு கீறது பஞ்சு" என்றாள் மெதுவாக.

"உதுந்தது?" என்றார் கலைவாணன்.

ஒரு பொய் போதும், கல்யாணம் முடிந்துவிடும். சொல்லுடி என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் தட்டைக் கிட்டத்தில் இழுத்து, குனிந்து பார்த்தாள்.

"பொடுகுதான்."

கலைவாணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜாதகம் சரியில்ல, சித்தப்பாக்குப் புடிக்கலன்னு சொல்லி அனுப்புனாங்களே ஒழிய, ஒருத்தரும் என் மூஞ்சிக்கு நேரா இத சொல்லலம்மா. எனக்கு இவங்கதான் வேணும்." அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"சம்மதம்" என்றாள். ஒரே வார்த்தையோடு அவள் பேச்சை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.