மூத்தவளுக்கு மட்டும் ஒரு பெயர்

என் பெயரை இங்கே எழுதினால் நான் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் இருந்தது. கப்பலில் வேலை செய்த அப்பா கொண்டுவந்த பெயர். அவரோடு வேலை செய்த அமெரிக்கர் ஒருவர் டக்கோட்டா என்ற பழங்குடியைச் சேர்ந்தவராம். இது அவருடைய அக்காவின் பெயராம். மூத்த பெண் என்று பொருள். "அங்கை வீட்டுக்கு வீடு மூத்த பெட்டைக்கு இந்தப் பேர்தான்" என்பார் அப்பா.

அங்கே வீட்டுக்கு வீடு இருந்தால் எனக்கென்ன? என் வகுப்பில் ஒரே பெயரில் நாலு பிள்ளைகள். டீச்சர் கூப்பிட்டால் நாலும் எழும்பும். என் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். பொருளைச் சொன்னால் இன்னும் மோசம்.

"ஆருக்கடி நீ மூத்தவள்?"

எனக்குப் பின்னால் யாரும் பிறக்கவில்லை. தங்கச்சி வேணும் என்று அம்மாவை அரித்தெடுத்தேன்.

தொண்ணூற்றைந்தில் அப்பா லீவில் வந்துபோன பிறகு அம்மா பிள்ளைத்தாய்ச்சி ஆனார். ஐப்பசி மழையில், சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது அந்த வயிற்றோடுதான் நடந்தார். சாவகச்சேரிக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடம் ஒன்றில், சீலை கட்டிய மறைவில் தங்கச்சி பிறந்தாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"என்ன பேரம்மா வைப்பம்?"

"முப்பத்தொண்டு கழியட்டும். அதுக்குள்ளை கப்பலிலையிருந்து கொப்பரும் கடிதம் போடுவார்."

முப்பத்தோராம் நாளில்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். குளிரும் வயிற்றோட்டமும் அதுவரை அவளை விட்டுவைக்கவில்லை. பால்குடிப் பிள்ளை என்று பெரிய சடங்கில்லாமல் புதைத்தார்கள். எனக்கு எல்லோர்மேலும் கோபம், நாள் பார்த்துக்கொண்டிருந்த அம்மாமேல்தான் அதிகம். அவரோடு கதைக்காமல் இருந்தேன்.

அடுத்த கிழமை நிவாரணத்துக்குப் பதிய ஓர் இளைஞர் வந்தார்.

"எத்தினை பிள்ளையள் அம்மா?"

"ரெண்டு. ரெண்டும் பெட்டையள்."

"பேரைச் சொல்லுங்கோ."

அம்மா என் பெயரைச் சொன்னார். இளைஞர் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினார்.

"மற்றவ?"

அம்மா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"மூத்தவளுக்கு மட்டுந்தான் தம்பி பேர் இருக்கு" என்றார்.

இளைஞர், பிள்ளை ஒன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த குடும்பத்திடம் போனார்.