பேச்சியம்மாள் போட்ட பூஜ்யம்

பேச்சியம்மாள் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் பட்டறையில் வெல்டராக இருந்த கருப்பசாமி. காலை ஒன்பது மணி இருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். “சார், நம்ம பேச்சியக்கா போயிட்டாக. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலதான். செட்டியார்பட்டி வீட்டுக்குக் கொண்டாந்துட்டாக. நீங்க வாரீகளா?” என்றார். வருகிறேன் என்று சொன்னேன். ஆனால் வரிசையை விட்டு நகரவில்லை. என் முறை வந்து, சீனியும் பருப்பும் வாங்கி, வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். எதையும் வரிசைப்படிதான் செய்ய வரும் எனக்கு. அது குணமா குறையா என்று இந்த வயதிலும் தீர்மானிக்க முடியவில்லை.

துக்க வீட்டில் பந்தலின் கீழ் பழைய ஆட்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லாமல்தான் சொன்னார்: “தங்கமான மனுசி. அந்த ஒரு லைட்டு விசயத்துலதான் கொஞ்சம் அசந்துட்டாக.” பக்கத்தில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். என் தலையும் அசைந்ததோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வாய் திறக்கவில்லை என்பதில் சந்தேகமில்லை. ஊர்தி கட்டுவோரும் ஓட்டுவோரும் படிக்கும் இந்தச் சங்க இதழில் பேச்சியம்மாளைப் பற்றி எழுதச் சொன்னபோது, என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் மறுத்தேன். பிறகு, இதை எழுத வேண்டியவன் நான் ஒருவன்தான் என்று புரிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்துக்கு வெளியே எங்கள் பட்டறையில் வெறும் வேன்களை வாங்கி ஆம்புலன்ஸாகக் கட்டித் தருவோம். கூரைமேல் சுழலும் விளக்கை மட்டும் நாங்கள் செய்வதில்லை. அதற்கென்று தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் விளக்குதான் உயர்ந்தது என்பார். யாருடைய விளக்கு வாங்கத் தகுந்தது என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் இருவருடையது. நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எழுத்து வேலைக்காக எடுத்துக்கொண்டார்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பேச்சியம்மாள், சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணியைச் சோதித்துக் கழிக்கும் வேலையிலிருந்து வந்தவர். ஒரு துணியில் ஓர் இழை விட்டுப்போயிருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவார் என்பார்கள். நான் முதலில் நம்பவில்லை.

நம்பியது, நாங்கள் முதன்முதலில் ஒரு தயாரிப்பாளரின் இடத்துக்குப் போன அன்று. குளிர்சாதன அறையில் மேஜைமேல் நான்கு விளக்குகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. நான் என் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். பேச்சியம்மாள் விளக்குகளைத் தொடவே இல்லை. “அண்ணாச்சி, நீங்க கழிச்சுப் போட்டது எங்க இருக்கு? அதைக் காட்டுங்க” என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் பெருமையாகச் சிரித்தார். “எங்ககிட்ட கழிவே கிடையாதும்மா. நூத்துக்கு நூறு பாஸ்.”

“அப்படியா! எங்க வீட்டு இட்லியிலேயே நாலு ஒட்டிக்கிட்டுப் பிய்ஞ்சு போகுது. நீங்க எம்புட்டுக் கெட்டிக்காரவுக!”

அவர் முகம் சுருங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவரை அவர் இடத்திலேயே வைத்துக் கேலி செய்யலாமா என்று திரும்பும் வழியில் பேருந்தில் கேட்டேன். “கேலி இல்ல சார். கழிக்காதவன் பாக்காதவன். பாக்குறவன்கிட்ட ஒரு கூடையாவது இருக்கும்” என்றார். அடுத்த இடத்தில் தகரக் கொட்டகைதான், சான்றிதழ் ஏதும் இல்லை. ஆனால் ஒரு மூலையில் கழித்த விளக்குகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று சீட்டு ஒட்டியிருந்தது. பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளை அரைமணி நேரம் படித்தார். “இவுக கிட்ட வாங்கலாம் சார்” என்றார். மூன்று வருடம் அவர்களிடம்தான் வாங்கினோம். ஒரு புகாரும் வரவில்லை.

தண்ணீர்ச் சோதனையையும் அவர் தன் வழியில்தான் செய்தார். குழாயைத் திருப்பி விளக்கின்மேல் பீய்ச்சிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அவர் விளக்கை ஒரு மணி நேரம் எரியவிட்டு, சூடேறிய பிறகு, மண்பானைத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவார். பிறகு திறந்து, உள்ளே காயத்துணியால் ஒரு தடவு தடவுவார். துணியில் ஈரம் பட்டால் கதை முடிந்தது. சூட்டில் விரிந்த காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது வெளியே உள்ள தண்ணீரை உள்ளே இழுக்கும் என்பது நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம். எனக்கு அது தோன்றவில்லை. அவரிடம் விளக்கிச் சொன்னபோது, “ஓ, இதுக்கு இம்புட்டுப் பேரு இருக்கா? ஓடி வந்தவன் தண்ணியக் கண்டா மடக்கு மடக்குன்னு குடிப்பான்ல, அதுதான் சார்” என்றார்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர்களை ஒப்பிட ஒரு படிவம் வேண்டும் என்று முதலாளி கேட்டார். நான்தான் தயாரித்தேன். பொருத்தம், வெளிச்சம், வயர், திருகு, அதிர்வு, தண்ணீர் என்று ஆறு வரிசைகள்; ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கீழே மொத்தம். நாற்பது வந்தால் தேர்ச்சி. அடியில் இரண்டு கையெழுத்து: பரிசோதித்தவர், அவருக்குக் கீழே ஒப்புதல் அளித்தவர். மூன்று நாள் உட்கார்ந்து, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். பேச்சியம்மாள் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “சார், இதுல சொல்ல இடம் இல்லையே. நம்பர் போடத்தான் இடம் இருக்கு” என்றார். எண் இருந்தால் தகராறு வராது என்று பதில் சொன்னேன்.

ஒரு ஐப்பசியில் ஐந்து வண்டிகளை அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கமான தயாரிப்பாளரிடம் சரக்கு இல்லை. வேறொருவரிடமிருந்து ஐந்து விளக்குகள் வந்தன. பார்க்க அழகானவை, வெளிச்சம் கண்ணைப் பறித்தது. பேச்சியம்மாள் பானையை ஊற்றினார். மூன்று விளக்குகளில் துணி நனைந்தது. தண்ணீர் என்ற வரிசையில் பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுக் கையெழுத்திட்டு என்னிடம் தந்தார்.

“வேணாம் சார் இது. திருப்பி அனுப்பிருவோம்.”

நான் கூட்டினேன். மற்ற ஐந்திலும் சேர்த்து நாற்பத்தேழு. தேர்ச்சி.

“மொத்தத்துல பாஸ் ஆகுதேம்மா” என்றேன்.

“அஞ்சு பாடத்துல நல்லா வாங்கியிருக்கு, மூச்சு விடத்தான் தெரியலங்கீக. அப்படித்தான?”

அந்த நேரம் முதலாளி வந்து வாசலில் நின்றார். “என்ன சார், முடிஞ்சுதா? வண்டி நிக்குது” என்றார். பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். முதலாளி கெட்டவர் அல்ல. முடியாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டிருப்பார். எனக்கு யாரையும் எதிர்த்து நிற்க வராது. எதிர்க்காமல் இருக்க எனக்கு ஓர் எண் கிடைத்தது. “நாற்பத்தேழு வந்திருக்கிறது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு நோயாளியை ஏற்றிச் சென்ற அந்த வண்டிகளில் ஒன்று, கிருஷ்ணன்கோவில் தாண்டிக் கொட்டும் மழையில் சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. வழியிலேயே விளக்கு அணைந்துவிட்டது. எதிரே வந்த டிராக்டர்காரருக்கு வருவது ஆம்புலன்ஸ் என்று தெரியவில்லை, குறுக்கே திரும்பிவிட்டார். ஓட்டுநருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. “லைட்டுக்குள்ள தண்ணி, சார். மீன் வளக்கலாம்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். உள்ளே இருந்த நோயாளி சோழபுரத்து விவசாயி. வேறு வண்டி வந்து அவரைக் கொண்டு சேர்க்கத் தாமதமாகிவிட்டது. இரண்டாம் நாள் இறந்துபோனார். நேரத்துக்குப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது, பிழைக்காமலும் இருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள். அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்குள்தான் நான் இத்தனை வருடம் ஒதுங்கியிருந்தேன்.

முதலாளி அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, “இந்த லைட்ட டெஸ்ட் பண்ணது யாரு?” என்று கேட்டார். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் சொன்னேன்: “பேச்சியம்மாதான் டெஸ்ட் பண்ணாங்க.” அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. படிவம் என் கோப்பில் இருந்தது. எடுத்து அந்தப் பூஜ்யத்தைக் காட்டியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பேச்சியம்மாள் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பக்கத்தை அவர் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அவரைச் சோதனை வேலையிலிருந்து எடுத்து, இருக்கைக்கு உறை தைக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு மாதம் தைத்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டிகளுக்கு வயர் வேலை செய்யும் சிறிய கடைக்குப் போய்விட்டார். போகிற அன்று என் மேஜைக்கு வந்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். “உங்க மேல வருத்தம் இல்லன்னு சொன்னா அது பொய்யி சார். வருத்தம் இருக்கு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதன் பிறகும் எங்காவது பார்த்தால் நின்று பேசுவார், என் கண் அறுவைச் சிகிச்சையைப் பற்றி விசாரிப்பார். வருத்தம் இல்லாததுபோல அவர் ஒருநாளும் நடிக்கவில்லை.

அவர் நோயில் படுத்த பிறகு, சென்ற மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவருடைய மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மருந்து வாங்கப் போனார். பேச்சியம்மாள் பாதியாக இளைத்திருந்தார். பேச்சு மட்டும் குறையவில்லை. “வாங்க சார். என்ன, என்னையும் பரிசோதிக்க வந்தீகளா? எதுக்கு எத்தன மார்க்கு போடப் போறீக?” என்று சிரித்தார். நான் பைக்குள் கையை விட்டேன். தாளை எடுக்க வரவில்லை.

அவரே கேட்டார்: “அந்த ஃபாரத்த மாத்திட்டீகளா சார்?”

தன் பெயர் கெட்டுப்போனதைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது இதை.

“மாத்திட்டேன்” என்றேன்.

“நல்லது. தண்ணியில பூஜ்யம்னா மத்ததக் கூட்டவே கூடாது சார். அங்கேயே நிப்பாட்டிரணும்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மாற்றவில்லை. அதே படிவம்தான் இன்றும் எங்கள் பட்டறையில் இருக்கிறது. நன்றாக இருக்கிறதென்று வேறு இரண்டு பட்டறைகளும் நகல் எடுத்துக்கொண்டார்கள். செட்டியார்பட்டியில் அடக்கம் முடிந்த மறுநாள், பட்டறை வேலையை விட்ட பிறகு முதல் தடவையாக, பட்டறைக்குப் போனேன். முதலாளியின் மகன்தான் இப்போது பார்த்துக்கொள்கிறார். பழைய கோப்பை எடுத்து, பூஜ்யம் போட்ட அந்தப் படிவத்தை அவர் முன் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு, “அப்பா காலத்து விசயம் சார். பாப்போம்” என்றார். அவர் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் மாதம் ஒருமுறை போய்க் கேட்பதாக இருக்கிறேன்.

பேச்சியம்மாளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அவர் அசந்துவிடவில்லை. அவர் கையால் தேறாத விளக்கு எதுவும் அவர் சொல்லி வண்டியில் ஏறியதில்லை. அந்தப் படிவத்தை வைத்திருப்பவர்கள், மொத்தம் என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், எழுதியவன் நான்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி. அதற்கு நான் சொன்ன பொய்யை மெய்யாக்க எவ்வளவு காலம் எனக்கு இருக்கிறது என்று தெரியவில்லை. பூஜ்யம் போட்ட அந்தத் தாள் யார் கையிலாவது கிடைத்தால் பாருங்கள். பரிசோதித்தவர் என்ற இடத்தில் இருக்கும் கையெழுத்து சரியானது. அதற்குக் கீழே இருப்பது என்னுடையது.