கால் சுற்று

சேவூரில் விசைத்தறிகளின் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்ப்பவர் அவர். நெற்றியில் லென்ஸ், காதிடுக்கில் ஸ்க்ரூடிரைவர். எந்தப் போர்டையும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார்.

எங்கள் இசை ஸ்டுடியோ சிந்தசைசரின் ஃபில்டர் கெட்டுப்போயிருந்தது. ஒலியை மழுக்கவும் கூராக்கவும் உதவும் பகுதி அது. தானே வடிவமைத்ததாக முதலாளி பேட்டிகளில் சொல்வார். “ஆரணிப் பக்கம் ஒருத்தர் சரி பண்ணுவார். என் பேரைச் சொல்லாதே” என்று என்னை அனுப்பினார்.

முகர்ந்தவர், போர்டின் சுரண்டப்பட்ட மூலையைத் தடவினார். “இது நான் பண்ணதும்மா. என் பேரைச் சுரண்டிட்டு உங்காளு பேர் வாங்கிகினு இருக்காரு.”

பழுதை நீக்கினார். பிறகு உள்ளே ஒரு சிறு திருகைக் கால் சுற்று திருப்பினார். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். இனி அதிர்வைக் கூட்டும் ரெசனன்ஸ் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றினால் ஃபில்டர் தானாகவே வீறிடும்.

“கச்சேரியில கத்துமேங்க.”

“கத்தட்டும். நிறுத்தணும்னா நாலு பேர் எதிர்ல என் பேரைச் சொல்லிக் கேக்கட்டும்.”

அதை ஏன் என் கண்ணெதிரே செய்தார் என்பது இன்றும் புரியவில்லை.

மேடையில் அது வீறிட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். என் பையில் டேப், உதிரி கேபிள், ஸ்க்ரூடிரைவர் மூன்றும் இருந்தன.

“யாரைக் கேக்கணும்னு உங்களுக்கே தெரியும் சார்” என்றேன்.